கொடி நாள் பாட்டு: தெரு உறவுகள் கவனத்துக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

டிசம்பர் 7, ஞாயிறு, படைவீரர் கொடி நாள் (1949லிருந்து இந்தத் தேதிதான்). அன்னைக்குச் சாயங்காலம் 6 மணிக்குப் பிள்ளையார் கோயில் பக்கத்து வீட்டு வளவில் காரைக்குடிப் பாட்டுக்காரங்க பாடுறாங்க. பக்திப் பாட்டு இல்லை, பட்டாளத்திலிருந்து திரும்பின நம்ம ஊர்க்காரங்க கதை. அதில் ஒருத்தர் 17 வருஷம் சிப்பாய். நாற்பதுக்குள்ளே வீடு வந்தவருக்குக் கிடைச்சது ஏடிஎம் காவல் வேலை. கல்யாண வேட்டுச் சத்தம் கேட்டா இன்னும் இரண்டாங்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்குவார். அவர் சொல்லச் சொல்ல ஆர்மோனியக்காரர் மெட்டுப் போட்டது. ஒத்திகையில் கேட்டுட்டு என்னால் உடனே எழுந்திருக்க முடியலை.

1. அன்னைக்குத் தெருவில் வேட்டு வேண்டாம். பிள்ளைகளிடமும் சொல்லிடுங்க.

2. "எத்தனை பேரைச் சுட்டீங்க?"ன்னு யாரும் கேட்காதீங்க. போன வருஷம் ஒருத்தர் கேட்டார்.

3. ஸ்பர்ஷில் (ராணுவ ஓய்வூதிய இணையதளம்) இந்த வருஷ ஆயுள் சான்று இன்னும் கொடுக்காத முன்னாள் ராணுவத்தார், குடும்ப ஓய்வூதியம் வாங்குற ஆச்சிமார் 5 மணிக்கே ஆதார், ஓய்வூதியப் புத்தகத்தோடு வாங்க. தம்பிகள் லேப்டாப்போடு இருப்பாங்க.

4. வீட்டுக்கு ஒரு ஜமுக்காளம்.

5. வெள்ளி ராத்திரிக்குள் எத்தனை பேர்னு எண் போடுங்க. கட்டைவிரல் படம் வேண்டாம்; போன தடவை அதை நம்பி இட்லி பத்தலை.