அக்காவுக்கு: அம்மாவைத் திருத்த வேண்டாம்

அன்புள்ள அக்கா,

"அம்மா ஒரே கேள்வியை இருபது தடவை கேட்கிறாங்க, கத்திட்டேன்" என்று போனில் நீ அழுததிலிருந்து மனசே சரியில்லை. திரும்பப் போனில் பேசினால் நானும் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். முதியோர் இல்லத்தில், மறதி நோய் வந்தவர்களுக்கான பிரிவில் இரவு வேலை. குளிர்தான் இன்னும் பழகவில்லை.

வந்த புதிதில் நானும் உன்னை மாதிரிதான் இருந்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பாட்டி கோட்டு போட்டு, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவருகில் நின்றார், அம்மா தேடுவாளாம், வீட்டுக்குப் போகணுமாம். அம்மா இறந்து பல வருஷமாச்சே என்று உண்மையைச் சொன்னேன். அப்போதுதான் சாவுச் செய்தி கேட்டவர் போல அப்படி அழுதார். ஏன் அழுகிறோம் என்பது கொஞ்ச நேரத்தில் மறந்துபோயிற்று, அழுகை மட்டும் விடியும்வரை ஓயவில்லை. 2014இல் அயோவா பல்கலைக்கழக ஆய்விலும் இதைத்தான் கண்டிருக்கிறார்கள்: அல்சைமர் என்கிற மறதி நோய் வந்தவர்களுக்குச் சோகக் காட்சிகளைப் போட்டுக் காட்டினால், பார்த்தது மறந்த பிறகும் சோகம் நீடிக்கிறது.

மறுநாளும் அதே நேரம், அதே கோட்டு. இந்த முறை மூத்த நர்ஸ் எதிரே வந்து, முகம் தெரியும்படி குனிந்து, "உங்க அம்மா எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டார், அவ்வளவுதான். அம்மா தைத்துக் கொடுத்த சட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே பாட்டி தன் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நவோமி ஃபைல் என்பவர் 1960களில் தொடங்கி உருவாக்கிய முறையாம் இது: சொல்வது சரியா தப்பா என்று பார்க்காமல், அதற்குப் பின்னால் இருக்கும் உணர்ச்சிக்குப் பதில் சொல்வது.

அக்கா, அம்மாவிடம் "ஞாபகம் இருக்கா" என்று கேட்காதே, அது அவங்களுக்குப் பரீட்சை மாதிரி. பேசும்போது டிவியை அணைத்துவிடு. ஒரு நேரத்தில் ஒரே விஷயம், சொல்லிவிட்டு மனசுக்குள் பத்து எண்ணு, பதில் வர அவ்வளவு நேரம் ஆகும். என்ன உடுத்திக்கிறீங்க என்று கேட்காமல் இரண்டைக் கையில் எடுத்துக் காட்டு. அப்புறம் முக்கியமானது, ஒரே நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் நோய் முற்றிவிட்டது என்று நினைத்து விட்டுவிடாதே, சிறுநீர்த் தொற்றாகக்கூட இருக்கலாம், உடனே டாக்டரிடம் காட்டு.

கத்தியதற்காக உன்னையே நொந்துகொள்ளாதே. நாங்கள் முறை வைத்துப் பார்க்கிறோம், நீ ராப்பகலாக ஒற்றை ஆள்.

அடுத்த தடவை அம்மாவிடம் போனைக் கொடுக்கும்போது "யாரு தெரியுதா" வேண்டாம், "சின்னவ பேசறா" என்று சொல்லிக் கொடு. அவங்க தங்கச்சி என்று நினைத்துப் பேசினாலும் சரி, நான் தங்கச்சியாகவே பேசிக்கொள்கிறேன்.

உன் தங்கை