செயின்ட் ஆண்ட்ரூஸ் அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்

அன்புள்ள அக்காவுக்கும் அண்ணனுக்கும்,

வணக்கம். வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு கும்பிடு போட்டு முடித்துக்கொள்ள மனசு வரவில்லை. அதனால்தான், ஸ்காட்லாந்தின் கடலோர ஊரான உங்கள் செயின்ட் ஆண்ட்ரூஸைச் சுற்றிக்காட்டியதற்கு நன்றி சொல்ல, பதினான்கு பேர் சார்பிலும் இந்த மடல். பெயர் போடக் கூடாது என்று நீங்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் போடவில்லை. ஆனால் புளிசாதம் யார் செய்தது என்பதை மறைக்க முடியாது. அண்ணன்தான்.

எடின்பரோவில் ரயில் ஏறும்போது எங்களிடம் பெரிதாகத் திட்டம் ஒன்றும் இல்லை. ஃபோர்த் பாலம் வந்ததும் எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்து படம் எடுத்தோம், அவ்வளவுதான். செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு ரயில் 1969-லேயே நின்று போய்விட்டது, பக்கத்து ஸ்டேஷனான லூக்கர்ஸில் இறங்கி 99-ஆம் நம்பர் பஸ் பிடிக்க வேண்டும் என்பதே முந்தின நாள் ராத்திரி நீங்கள் சொல்லித்தான் தெரியும். சரி, இறங்கினால் ஊரையே காணோம். கடலிலிருந்து ஏறி வரும் அந்த மூட்டத்துக்கு ‘ஹார்’ என்று பெயராமே. “மத்தியானம் விலகிடும், வாங்க” என்று நீங்கள் சாதாரணமாகச் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறோம்.

மூட்டத்தில் பார்த்ததும் நல்லதற்குத்தான். பேராலயத்தின் கிழக்குச் சுவரும் அதன் இரண்டு கோபுரங்களும் மட்டும் வெள்ளைக்குள் தனியாக நின்றன. 1158-ல் தொடங்கிய வேலை. 1318-ல் ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸ் முன்னிலையில் அர்ப்பணித்தார்கள். ஸ்காட்லாந்திலேயே பெரிய ஆலயம். மதச் சீர்திருத்தக் கலவரத்தில், 1559-ல், உள்ளே புகுந்து சூறையாடினார்கள். அதன்பின் ஊர்க்காரர்கள் கல்லைப் பெயர்த்துக்கொண்டுபோய் வீடு கட்டினார்கள் என்று சொல்லிவிட்டு, போகிற வழியில் ஒரு பழைய மதிலைக் காட்டி “இதில் எத்தனை கல் கோயில் கல்லோ” என்றீர்களே, அதற்குப் பிறகு எந்தச் சுவரையும் சும்மா தாண்டிப் போக முடியவில்லை.

அடுத்த நன்றி, கோட்டையில் பார்த்த ஒரு பாட்டிக்கு. அவர் இதைப் படிக்கப்போவதில்லை, இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும். 1546-ல் கத்தோலிக்கப் பேராயர் கார்டினல் பீட்டனைக் கொன்றவர்கள் கோட்டையைப் பிடித்துக்கொள்ள, வெளியே முற்றுகையிட்டவர்கள் பாறைக்கு அடியில் சுரங்கம் குடைந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் சத்தத்தைக் காதில் வாங்கியே எதிர்ச்சுரங்கம் தோண்டினார்கள். இரண்டு மூன்று இடத்தில் தப்பாகத் தோண்டி, கடைசியில் சரியாகப் போய் முட்டினார்கள். அந்த எதிர்ச்சுரங்கத்துக்குள் இன்றும் இறங்கலாம். குனிந்து, சில இடத்தில் கிட்டத்தட்டத் தவழ்ந்து. எங்களில் ஆறடி உயரக்காரன் ஒருவன் பாதியில் அப்படியே நின்றுவிட்டான். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ஈரப் பாறையில் உள்ளங்கையைப் பதித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். நாங்கள் ஆளாளுக்குக் கத்தியதில் பயம் கூடியதுதான் மிச்சம். பேரனோடு பின்னால் வந்த பாட்டி எங்களைப் பேசாமலிருக்கச் சொல்லிவிட்டு, அவன் கையைப் பிடித்து, ஊர் எது, அம்மா என்ன சமைப்பார் என்று விசாரித்துக்கொண்டே வெளியே கூட்டிவந்தார். மேலே வந்தபோது அவன் மீன்குழம்பு வைப்பது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தான்.

அப்புறம் கால்ஃப் மைதானத்தில் நாயோடு வந்த பெரியவர். ஓல்டு கோர்ஸில் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டம் கிடையாது, யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்று தெரியாமல் நாங்கள் ஓரமாக ஒண்டிக்கொண்டு நின்றோம். கூப்பிட்டு நடுவில் நடக்க வைத்தவர் அவர்தான். இங்கே 22 குழி ஆடிக்கொண்டிருந்ததை 1764-ல் 18 ஆக்கினார்கள், பிறகு உலகமே அதைப் பிடித்துக்கொண்டது என்றார், தன் சொந்த வீட்டுக் கதை போல. அங்கேயே இருக்கும் ஸ்வில்கன் என்ற சின்னக் கல்பாலத்தில் எங்களை நிறுத்தி, ஐந்து போனிலும் தனித்தனியாகப் படம் எடுத்துத் தந்தார். ஐந்திலும் நாய் இருக்கிறது.

சாயங்கால பஸ் டிரைவருக்கும் ஒரு நன்றி. டோனட் வாங்கப் போன இரண்டு பேர் ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தி வைத்தார். திட்டவும் இல்லை.

கடைசியாக, உங்களிடம் ஒரு முறையீடு அக்கா. செயின்ட் சால்வேட்டர் தேவாலயத்துக்கு முன்னால் தரையில் பதித்திருக்கும் ‘பி.ஹெச்.’ எழுத்தை மிதித்தால் பரீட்சையில் தோற்போம் என்று, எங்களில் ஒருவன் மிதித்த பிறகு சொன்னீர்கள். மதச் சீர்திருத்தம் பேசிய பேட்ரிக் ஹாமில்டனை 1528-ல் உயிரோடு எரித்த இடம் அது என்று கேட்டதும் சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. ஆனால் மே முதல் தேதி விடிகாலையில் வடகடலில் முங்கினால்தான் தோஷம் கழியும் என்பது கொஞ்சம் அதிகம். எடின்பரோ மாணவனுக்கு உங்கள் பல்கலைக்கழகத்துச் சாபம் செல்லாது என்று வாதாடிக்கொண்டிருக்கிறான். ஆனாலும் துண்டு வாங்கிவிட்டான்.

உங்கள் சம்படம் மூன்றும் எங்களிடம்தான் இருக்கின்றன. ஒன்றின் மூடியைக் காணோம். துறைமுகச் சுவரில் உட்கார்ந்து சாப்பிட்டபோது கடற்காகம் வடையைப் பறித்த களேபரத்தில் அது தண்ணீருக்குள் போயிருக்க வேண்டும். மே ஒன்றாம் தேதி, முங்க வருகிறவனிடம் மீதியைக் கொடுத்தனுப்புகிறோம்.

அன்புடன்,
பதினான்கு பேர்
எடின்பரோ