50 ஆண்டு தாண்டிய உளவுக் கோப்புகளைத் திறக்கக் கேளுங்கள்: தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போனவர். ஒரு விலாசத்தில், அதாவது வட்டிக்கடையில், அடுத்தாளாக (முகவருக்கு அடுத்த நிலை ஆளாக) இருந்தார். அவருடைய பேரேடு இன்னும் எங்கள் வளவில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது. தமிழ் எண்களில் எழுதிய கணக்கு. விஷு வருஷம் மாசி மாதம், பாதிப் பக்கத்தில், வரவு எழுதிப் பற்று எழுதாமல் நின்றுவிட்டது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. ஐயா தாங்கூப் கணவாய் வழியாக அரக்கான் கரைக்கு நடந்து, சிட்டகாங் போய், ஊர் வந்து சேர்ந்தார். கூட இருந்த தம்பி வரவில்லை. அவர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார் என்று பின்னால் திரும்பி வந்த ஒருவர் சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இறந்த நாள் தெரியாததால் ஆடி அமாவாசையில்தான் அவருக்கும் சேர்த்து எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோம்.

அந்தப் படையிலிருந்து பிடிபட்டவர்களைப் பிரிட்டிஷ் உளவுப் பிரிவினர் விசாரித்து பிரிட்டிஷாருக்கு எவ்வளவு விசுவாசம் என்று பார்த்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்தார்கள். ஆளுக்கொரு விசாரணைத் தாள் இருந்திருக்கும். அதைக் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மனுப் போட்டேன். தகவல் உரிமைச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

உளவு என்றால் ரகசியம்தானே என்பீர்கள். சரி, உளவையே தொழிலாக நடத்திய ஒரு ராணுவ அதிகாரியின் கதையைச் சொல்கிறேன். வில்லியம் டோனவன், நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ ஊர்க்காரர். 1918 அக்டோபரில் பிரான்ஸ் போர்க்களத்தில் இயந்திரத் துப்பாக்கிக் குண்டு காலில் பாய்ந்தும், களத்தை விட்டுப் போக மறுத்துப் படையை நடத்தினார். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது. பிறகு வழக்கறிஞர். 1942 ஜூனில் ஓ.எஸ்.எஸ். என்ற அமெரிக்க உளவு அமைப்பு உருவானபோது அதன் தலைவர் அவர்தான். அசாமின் நசிராவிலிருந்து இயங்கிய அதன் 101-ஆம் பிரிவு, வட பர்மாவின் மலைவாழ் கச்சின் மக்களைச் சேர்த்துக்கொண்டு, எங்கள் ஐயா விட்டுவந்த அதே பர்மாவில் ஜப்பானியர்களோடு மோதியது. கண்டியிலும் ஒரு தளம் இருந்தது.

போர் முடிந்ததும் அதிபர் ட்ரூமன் 1945 அக்டோபர் 1 முதல் அந்த அமைப்பைக் கலைத்தார். டோனவனுக்குப் பெரிய அடி. ஆனால் கடைசி நாட்களில் அவர் செய்த வேலைதான் எனக்கு முக்கியம். தன் அலுவலகக் கோப்புகளை அவசர அவசரமாக நுண்படச் சுருளில் (மைக்ரோஃபிலிம்) படம் பிடிக்கவைத்தார். தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளவும்தான் செய்திருப்பார், இருக்கட்டும். தாள் பிழைத்தது. 1980-களிலிருந்து ஓ.எஸ்.எஸ். ஆவணங்கள் படிப்படியாகப் பொதுக் காப்பகத்துக்கு வந்தன. 2008-ல் பணியாளர் கோப்புகளே திறக்கப்பட்டன. அந்த அமைப்பில் வேலை பார்த்தவரின் பேரப்பிள்ளை இன்று தாத்தாவின் கோப்பைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம்.

நம்மிடம் 1993-ன் பொது ஆவணச் சட்டம் இருக்கிறது. போர் வரலாறுகளுக்காகப் பாதுகாப்பு அமைச்சகம் 2021-ல் அறிவித்த கொள்கை, ஆவணங்களைப் பொதுவாக 25 ஆண்டில் திறக்கச் சொல்கிறது. நேதாஜி கோப்புகள் 100, 2016 ஜனவரி 23 அன்று வெளியாயின. அதனால் நாட்டுக்கு ஒரு கேடும் வரவில்லை. தலைவருக்குத் திறந்த கதவு அவர் பின்னால் நடந்தவர்களுக்கும் திறக்க வேண்டாமா?

உளவு அமைப்புகளுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. நடப்பு விவகாரங்களுக்கு அந்த விலக்கு வேண்டும்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. 50 ஆண்டு கடந்த தாளுக்கு மட்டும் அது செல்லாது என்று ஒரு திருத்தம் கொண்டுவரச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தொடரில் உங்களில் ஒருவராவது இதைக் கேள்வியாக எழுப்புங்கள். விசாரணைத் தாள்கள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எந்த ஊரில், யார் பொறுப்பில் இருக்கின்றன என்பதையாவது அரசு சபையில் சொல்லட்டும். எங்கள் சின்ன ஐயாவுக்கு ஒரு திதி நாள் கிடைக்குமா என்று காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தேவகோட்டையிலிருந்து ஒரு வாக்காளர்