ஏரி ஏறி இறங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேலத்து ஏரிகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையையும், அடுத்த வாரம் அதற்கு வாசகர் ஒருவர் எழுதியிருந்த பதிலையும் படித்தேன். ஏரி என்றால் வருடம் முழுக்கத் ததும்பி நிற்க வேண்டும், உள்பக்கம் சுற்றிலும் கல் பதித்துவிட வேண்டும், கோடையில் சேறும் புல்லுமாகக் கிடப்பது ஊருக்கே அசிங்கம் என்கிறார். தண்ணீர் வேண்டும் என்பதில் எனக்கும் அவருக்கும் சண்டை இல்லை. அந்தச் சேற்றையும் புல்லையும் அசிங்கம் என்றதுதான் மனசுக்கு ஒப்பவில்லை.

நான் மார்க்கெட்டில் 22 வருடமாக மீன் வெட்டிக் கொடுக்கிறேன். விற்பவர்கள் வேறு, வாங்கி வருகிறவர்களுக்குச் செதில் எடுத்து, குடல் நீக்கி, துண்டு போட்டுத் தருவது என் வேலை. கூட்டம் இல்லாத நேரத்தில் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கீறிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. மேட்டூரில் தண்ணீர் ஏறுகிற ஆடி மாதத்தில் வரும் கெளுத்தியின் இரைப்பையைத் திறந்தால் மண்புழு, பிள்ளைப்பூச்சி, எறும்பு என்று இருக்கும். ஒரு தடவை வெட்டுக்கிளியின் பின்னங்கால் முழுசாகவே கிடந்தது. இதெல்லாம் தண்ணீரில் பிறந்தவை இல்லை, தரையில் இருந்தவை. அதே கெளுத்தியைச் சித்திரையில் கீறினால் பொடிமீன் முள் இருக்கும், இல்லாவிட்டால் வெறும் சளிதான். மீனும் அதே, அணையும் அதே, சாப்பாடு மட்டும் வேறு.

எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. நான் பிறந்தது பண்ணவாடிப் பக்கம். அணையில் தண்ணீர் இறங்கினால் பழைய நந்தியும் கிறிஸ்தவக் கோயில் கோபுரமும் தலைகாட்டும் இடம் என்று படம் போடுவீர்களே, அங்கேதான். தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க, ஜனங்கள் அதன் பின்னாலேயே போய் எள்ளும் சோளமும் விதைப்பார்கள். என் அப்பாவும் விதைத்தார். அறுத்து முடித்து, தாள் மட்டும் நிற்கும்போது காவிரியில் புதுத்தண்ணீர் வரும். சோளக்காட்டுக்குள் தண்ணீர் புகுந்த ஒரு வாரம் கழித்து அப்பா முழங்கால் ஆழத்தில் நின்று ஒரு சோளத்தாளைப் பிடுங்கிக் காட்டினார். தாள் முழுக்க வழுவழுவென்று பச்சையாக ஒரு படலம். அவர் காலைச் சுற்றிக் குஞ்சு மீன்கள் தாளுக்குத் தாள் கொத்திக்கொண்டிருந்தன. "நம்ம பங்கு எடுத்தாச்சு கண்ணு, இது அதுங்க பங்கு" என்றார்.

என் மகள் இப்போது மீன்வளம் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். அம்மா, அந்த வழுவழுப்புதான் விஷயமே என்றாள். அமேசானில் ஆறு பெருகினால் மூழ்குகிற வெள்ளச் சமவெளி முழுக்கப் புல் ஆளுயரத்துக்கு மண்டிக் கிடக்குமாம். ஆனால் மீனின் சதையைச் சோதித்துப் பார்த்தால் அந்தப் புல்லைவிட, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பாசியிலிருந்து வந்த சத்துதான் அதிகம். புல்லும் தாளும் பாசி ஒட்டிக்கொள்ள இடம் தருகின்றன. பாசியைப் பூச்சியும் குஞ்சும் தின்கின்றன, குஞ்சைக் கெளுத்தி தின்கிறது, கெளுத்தியை நாம். காய்ந்து வெடித்த சேற்றுக்குள் நுண்ணிய நீர்ப்பூச்சிகளின் முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், நனைந்ததும் பொரிக்கும். நாம் வெறும் வெடிப்பு என்று பார்க்கிறது அதுகளுக்கு விதைநெல்.

1989-இல் ஜங்க், பெய்லி, ஸ்பார்க்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதற்கு 'வெள்ளத் துடிப்பு' என்று பெயர் வைத்தார்களாம். ஆறு ஏறுவதும் இறங்குவதும் விபத்து இல்லை, அந்த ஆற்றின் நாடி என்கிற கணக்கு. மனாவுஸ் நகரத்தில் அமேசான் வருடாவருடம் சுமார் 10 மீட்டர் ஏறி இறங்குகிறது. காட்டுக்குள் தண்ணீர் போனதும் தம்பாக்கி என்கிற பெரிய மீன் மரத்தடிக்கே போய், விழுகிற ரப்பர் கொட்டையைக் கடைவாய்ப் பல் மாதிரி இருக்கும் பல்லால் உடைத்துத் தின்று கொழுப்புச் சேர்த்துக்கொள்ளும். வறண்ட மாதங்களை அந்தக் கொழுப்பை வைத்து ஓட்டும். கம்போடியாவில் டோன்லே சாப் ஏரி மழைக்காலத்தில் ஐந்தாறு மடங்கு விரிகிறது. மேகாங் ஆற்று வெள்ளம் தள்ளுகிற தள்ளில், ஏரியிலிருந்து வெளியே போக வேண்டிய ஆறே திரும்பி உள்ளே ஓடுமாம்! அந்த நாட்டுக்காரர்கள் தட்டில் விழுகிற மீனில் பெரும்பங்கு அந்த விரிவில் வளர்ந்ததுதான்.

சரி, அமேசான் எங்கே, நம் ஊர் எங்கே. அங்கே தண்ணீர் மாதக்கணக்கில் ஏறும். சேர்வராயன் மலையில் ஒரு ராத்திரி கொட்டினால் திருமணிமுத்தாறு மணிக்கணக்கில் ஏறி இறங்கிவிடும், அதுவும் கழிவு நுரையோடு. அந்த ஆற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கடிதம் வேறு பக்கம் போய்விடும், விடுங்கள். ஏரிகளுக்குத்தான் இன்னும் அந்த நாடி கொஞ்சம் பாக்கி இருக்கிறது. ஐப்பசி மழையில் உள்வாய் முழுக்க, அதாவது கரைக்கு உள்ளே தண்ணீர் நிற்கிற இடம் முழுக்க விரிந்து, தையிலிருந்து மெல்லச் சுருங்கும். சுருங்குவதும் வீண் இல்லை. விரிந்த தண்ணீரில் ஒளிந்து வளர்ந்த பொடிமீன் எல்லாம் குறுகிய இடத்தில் மாட்டும்போது விராலுக்கும் கொக்குக்கும் நாரைக்கும் அதுதான் விருந்து.

உள்பக்கம் சுற்றிக் கல் பதித்துவிட்டால் என்ன ஆகும்? தண்ணீர் மேலே ஏறும், பக்கத்தில் விரியாது. பக்கத்தில் விரியும்போதுதான் மண்புழுவும் தாளும் பாசியும் மீனுக்குக் கிடைக்கும். செங்குத்தான கல்சுவரில் குஞ்சு ஒளியப் புல் ஏது, ஆரால் மீன் புகுந்துகொள்ளச் சேறு ஏது? வாங்கி வந்து விட்ட குஞ்சுக்குப் பொட்டலத் தீவனம் போட்டு வளர்க்கலாம்தான். அதற்கு ஏரி எதற்கு, தொட்டி போதும்.

மேட்டூர் உபரி நீரைக் குழாயில் ஏற்றி 100 வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுபோகும் திட்டம் வந்ததில் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எனக்குத் தெரியும். வரும் தண்ணீர் விரிந்து நிற்க இடம் வேண்டும் என்றுதான் கேட்கிறேன். நம் ஏரிகளில் மூன்று பக்கம் கரை, தண்ணீர் வருகிற நாலாவது பக்கம் சரிவாகத் திறந்தே கிடக்கும். அந்த நாலாவது பக்கத்தில் கல்லும் வேண்டாம், மண் கொட்டி மேடாக்கவும் வேண்டாம். கரை மேல் நடைபாதை தாராளமாகப் போடட்டும். எனக்கும் சர்க்கரை இருக்கிறது, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார்.

கொசு வரும் என்றும் அந்த வாசகர் எழுதியிருந்தார். மீன் குஞ்சு போய்வரும் தண்ணீரில் கொசுப்புழு அவ்வளவாகத் தங்காது. குஞ்சு போக முடியாமல் தனியாகத் தேங்கும் குட்டைதான் தொல்லை. சேதி போடும்போது இந்த இரண்டையும் பிரித்துப் போட்டால் நல்லது.

உங்கள் நிருபர் யாராவது மார்க்கெட் பக்கம் வந்தால் கெளுத்தி வயிற்றைக் கீறியே காட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு நிமிர்ந்து பார்க்கக்கூட நேரம் இருக்காது.

இப்படிக்கு,
மீன் வெட்டும் வாசகி ஒருவர்,
பொன்னம்மாபேட்டை, சேலம்.