மேட்டி ராஸின் கணக்கு

அன்புள்ள ரகு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பல் முளைத்துவிட்டதாமே, சந்தோஷம். இங்கே தங்கை மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நீ வரவில்லை என்று எல்லோருக்கும் குறைதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சார்லஸ் போர்டிஸ் 1968-இல் எழுதிய 'ட்ரூ கிரிட்' நாவலை "வெறும் பழிவாங்கும் கதை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாயே! அப்பாவைக் கொன்ற டாம் சேனியைப் பிடிக்க 14 வயது மேட்டி கிளம்புகிறாள், உண்மைதான். ஆனால் அப்பா கொல்லப்பட்ட ஊரான ஃபோர்ட் ஸ்மித்துக்கு வந்து அவள் செய்வதைப் பார். அப்பாவுக்கு விற்ற மட்டக்குதிரைகளைத் திருப்பி எடுத்துக்கொள், உன் லாயத்திலிருந்து திருடுபோன எங்கள் குதிரைக்கும் பணம் கொடு என்று வக்கீல் பெயரைச் சொல்லி வியாபாரியை மடக்குகிறாள். பணம் கைக்கு வந்த பிறகு, அதே மட்டக்குதிரைகளில் ஒன்றை அடிமாட்டு விலைக்குக் கேட்கிறாள்! அந்தப் பேரத்தை மட்டுமாவது இன்னொரு தடவை படி.

சேனிமேல் டெக்சாஸில் ஒரு செனட்டரைக் கொன்ற வழக்கும் உண்டு. வெகுமதிக்காகத் துரத்தும் டெக்சாஸ் காவல்காரன் லபீஃப் அவனை அங்கே தூக்கிலேற்ற நினைக்கிறான். எங்கே தொங்கினால் என்ன, சாகத்தானே போகிறான்? மேட்டி ஒப்புக்கொள்ளவே மாட்டாள். அப்பாவைக் கொன்றதற்காகத்தான் அவன் சாக வேண்டும். தன் வரவை அடுத்தவர் பேரேட்டில் எழுத விடாத கணக்குப்பிள்ளையின் பிடிவாதம் அது.

வெஸ்டர்ன் கதை என்றால், எங்கிருந்தோ வரும் துப்பாக்கி வீரனைச் சிறுவன் ஒருவன் வாய் பிளந்து பார்ப்பான். இங்கே சிறுமியே அந்த வீரனைக் கூலிக்கு அமர்த்துகிறாள். அவரும் ஒற்றைக்கண் குடிகாரர், ரூஸ்டர் காக்பர்ன். அனுபவப்பட்டு மாறுபவளும் அவள் இல்லை. பாம்புக்கடியால் ஒரு கையை இழந்த பிறகும், வயதாகி இந்தக் கதையைச் சொல்லும் கிழவி மேட்டி அதே கறார்தான். பாம்பு கடித்த மேட்டியோடு குதிரை செத்து விழும்வரை ஓட்டி, அப்புறம் அவளைச் சுமந்துகொண்டு ஓடும் ரூஸ்டர்தான் மாறியிருக்கிறார்.

ஒரே ஓர் இடத்தில்தான் கணக்கு உதைக்கிறது. கால் நூற்றாண்டு கழித்து ரூஸ்டரைப் பார்க்க மெம்பிஸ் போகிறாள். சில நாள் முன்பே இறந்துவிட்டார். உடலைத் தோண்டியெடுக்கச் செய்து, ஊருக்குக் கொண்டுவந்து, சொந்தக் குடும்பக் கல்லறையில் புதைக்கிறாள். ஊர் வாய்க்கு வந்தபடி பேசுகிறது. பேசிய கூலி என்றோ தீர்ந்துபோனது. இது எந்தப் பாக்கி? எதற்கும் விளக்கம் வைத்திருப்பவள் இதற்கு மட்டும் சொல்வதில்லை. 1969-இல் ஜான் வெய்ன் நடித்த படம் ரூஸ்டரைச் சாகவிடவில்லை. கோயன் சகோதரர்களின் 2010 படத்தில் இந்த இடம் உண்டு, கிடைத்தால் பார்.

எனக்குக் காதல் என்றும் தோன்றவில்லை, நன்றி என்றும் தோன்றவில்லை. உனக்கு என்ன படுகிறது என்று எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்