பெயின்ட் கடைக்கு விடுவதற்கு முன்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதமும் மஸ்டாங் படங்களும் வந்து சேர்ந்தன. 1966 மாடல் ஃபோர்டு, அதுவும் 289 வி8 என்ஜின்! ஹாஸ்டல் மொட்டைமாடியில் கார் பத்திரிகைக்காக நாம் அடித்துக்கொண்டதெல்லாம் ஞாபகம் வந்தது. கடைசியில் வாங்கியே விட்டாய். ரொம்ப சந்தோஷம். ஆனால் பழைய பெயின்டை முழுக்கச் சுரண்டிவிட்டுப் பளபளவென்று சிவப்பு அடிக்கப்போவதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

போன சனிக்கிழமை பிலடெல்பியாவில் சிமியோன் மியூசியத்துக்குப் போயிருந்தேன். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் குடோன் மாதிரிதான் தெரியும். உள்ளே இருப்பதோ ஒரு மனிதர் ஐம்பது வருஷமாகச் சேர்த்த பந்தயக் கார்கள், அறுபதுக்கும் மேல். ஃப்ரெட் சிமியோன் மூளை அறுவை மருத்துவர். சேர்த்ததையெல்லாம் அறக்கட்டளைக்குக் கொடுத்து, 2008-இல் எல்லாரும் பார்க்கட்டும் என்று திறந்துவிட்டார். 2022-இல் காலமாகிவிட்டார்.

எங்கள் பக்கத்து ஊர் ட்ரென்டனில் செய்த 1913 மெர்சர் ரேஸ்அபவுட் அங்கே இருக்கிறது, கதவும் இல்லை, கூரையும் இல்லை. கார்வெட் கிராண்ட் ஸ்போர்ட்டும் இருக்கிறது. பந்தயமே வேண்டாம் என்று ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடம் 1963-இல் தடுத்துவிட்டதால் மொத்தமே ஐந்துதான் செய்தார்கள். ஆனால் நான் அரை மணி நேரம் நகராமல் நின்றது கோப்ரா டேடோனா கூபே என்ற பந்தயக் கார் முன்னால்தான்.

பந்தயக் கார் செய்த அமெரிக்கர் கரோல் ஷெல்பியின் கூரையில்லாத கோப்ராவுக்கு, பிரான்ஸின் லெ மான் பந்தயத்தின் நீண்ட நேர்ப்பாதையில் காற்றே எதிரி. என்ஜினில் பலம் இருந்தும் ஃபெராரியின் ஜிடிஓ கார் முந்திவிடும். பீட்டர் பிராக் என்ற இளைஞர் வால் பக்கம் வெட்டினாற்போல் ஒரு மூடிய பாடி வரைந்தார். அது தேறாது என்று சொன்னவர்களும் உண்டு. ஷெல்பியின் பந்தய ஓட்டுநர் கென் மைல்ஸ் பிராக் பக்கம் நின்றார். அந்தப் பாடியோடு கார் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டியது. மொத்தம் ஆறு செய்தார்கள். முழுக்க ஷெல்பி பட்டறையிலேயே உருவானது நான் பார்த்த இந்த முதல் கார் ஒன்றுதான், மற்ற ஐந்துக்கும் இத்தாலியில் பாடி கட்டினார்கள். 1964 டேடோனா பந்தயத்தில், நடுவே பெட்ரோல் போட நிறுத்தும் பிட்டில் நிற்கும்போது இது தீப்பிடித்துக்கொண்டது. அடுத்த மாதமே செப்ரிங் பந்தயத்தில் ஜிடி என்ற கார்ப் பிரிவில் முதலிடம்! 1965-இல் ஷெல்பி அணி ஃபெராரியைத் தோற்கடித்து ஜிடி உலகப் பட்டத்தையே வாங்கியது. அப்புறம் இந்தக் கார் கை மாறி மாறி, கலிபோர்னியாவில் ஒரு கிடங்கில் வெகுகாலம் தூசி தின்று கிடந்தது.

சிமியோன் அதை வாங்கியபின் புதுசாக்கவில்லை, மாப்ள. அதுதான் விஷயம். அந்தக் காலத்துப் பெயின்ட், கீறல், தேய்மானம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பழைய ஓவியத்தின்மேல் யாராவது புது வண்ணம் பூசுவார்களா, காருக்கு மட்டும் ஏன் என்பது அவர் கட்சி. அதற்காகப் பொம்மை மாதிரி நிறுத்தி வைக்கவும் இல்லை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை சில கார்களைப் பின்பக்க மைதானத்தில் ஓட்டிக் காட்டுகிறார்கள். அந்தச் சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் அதிர்கிறது. 2014-இல் அமெரிக்க அரசின் வரலாற்று ஆவணத்தில் ஏறிய முதல் காரும் இந்த டேடோனாதான்.

உன் மஸ்டாங் பந்தயக் கார் இல்லைதான். 1966 மாடல் மட்டும் 6 லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி. ஆனால் டேடோனாவுக்குள் இருப்பதும் அதே 289 குடும்பத்து என்ஜின்தான், தெரியுமா? அப்புறம், உனக்கு விற்ற டீச்சரம்மா முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிய வண்டி என்று நீயே எழுதியிருந்தாய். டிரைவர் கதவில் அவர் முழங்கை பட்டுப் பட்டு நீலம் மங்கிய இடம் உன் படத்திலேயே தெரிகிறது. அதைச் சுரண்டிவிட்டால் திரும்ப எங்கே போய் வாங்குவாய்?

துருவை அப்படியே விடச் சொல்லவில்லை. அடித்தட்டில் ஓட்டை இருந்தால் வெல்டிங் பண்ணித்தான் ஆகவேண்டும். பிரேக், டயர், பெட்ரோல் குழாய், ஒயரிங் எல்லாம் புதுசு போடு, கஞ்சத்தனம் வேண்டாம். வெளிப் பெயின்டை மட்டும் தொடாதே. நன்றாகக் கழுவி மெழுகு போட்டுப் பார். டிக்கி விரிப்பைத் தூக்கினால் வெயில் படாத பழைய நீலம் இருக்கும், அதையும் படம் எடுத்து அனுப்பு.

இங்கே எல்லாரும் நலம். பெண் செப்டம்பரில் கல்லூரிக்குப் போகிறாள், வீடு இப்போதே வெறிச்சோடிக் கிடக்கிறது. அக்டோபரில் ஹூஸ்டன் வருகிறேன். பெயின்ட் கடைக்கு முன்பணம் கொடுத்துவிட்டாயா? கொடுத்திருந்தால் அந்தப் பணம் என் கணக்கு. வண்டியை மட்டும் நான் வரும்வரை நீலமாகவே வைத்திரு.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்