அடிப்புள்ளி

அன்புள்ள சண்முகம்,

இங்கே எல்லோரும் நலம். பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லி ஏமாற்றியதை அம்மா இன்னும் மறக்கவில்லை. அந்த வழக்கை நீயே வந்து தீர்த்துக்கொள்.

நேற்று நம் நூல் அச்சாகி வந்தது. ஆசையோடு கடைசிப் பக்கங்களில் இருக்கும் சொல்லடைவைத் திறந்தேன், வயிறு எரிகிறது. ரோமன் எழுத்தில் தந்திருந்த தமிழ்ச் சொற்களின் அடியில் ஒரு புள்ளி இல்லை, ஒரு கோடு இல்லை. வலி, வளி, வழி மூன்றும் ஒரே உருவில் அடுத்தடுத்து நிற்கின்றன. மனமும் மணமும் ஒன்றாகிவிட்டன. கடைசி மெய்ப்பு வரை எல்லாம் சரியாக இருந்தன. அதற்குப் பிறகு எழுத்துருவை மாற்றியவர்கள், குறிகள் இடைஞ்சல் என்று மொத்தமாக நீக்கிவிட்டார்களாம். "தமிழில் சரியாகத்தானே இருக்கிறது?" என்கிறார்கள். தமிழ் எழுத்துத் தெரியாதவருக்காகத்தானே அந்த ரோமன் வடிவம்!

அவை அலங்காரமா, சண்முகம்? சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியை எடுத்துப் பார். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். ஈய எழுத்துக் காலத்திலேயே ஒவ்வொரு தலைச்சொல்லுக்கும் அடிக்குறிகளோடு ரோமன் வடிவம் தந்திருக்கிறார்கள். ட, ண, ள மூன்றுக்கும் அடியில் புள்ளி. ற, ன, ழ மூன்றுக்கும் அடியில் கோடு. நன்னூல் தமிழுக்கே உரியவை என்று சொல்லும் மெய்கள் இந்த ற, ன, ழ மூன்றும்தான்! ஐயா வகுப்பில் சொன்னபோது நீ தூங்கிக்கொண்டிருந்தாய்.

லத்தீன் சுவடிகளைப் பற்றி நீ முன்பு எழுதியிருந்தாயே, அதையும் இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். தோலில் தவறாக எழுதிய எழுத்தைச் சுரண்டாமல், அதன் அடியில் ஒரு புள்ளி வைத்தால் போதும். படிப்பவர் அதை விட்டுவிட்டுப் படிப்பார். அத்தனை சிறிய குறியை எழுதியவரும் மதித்தார், படித்தவரும் மதித்தார். நம் ஊரில் அதைத் தூசி என்று துடைத்துவிட்டார்கள்.

பிழைதிருத்தத் தாள் அச்சிட்டுச் செருகுவதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. அது உதிர்ந்துவிடும். நூலகங்களுக்குப் போகும் 20 படிகளிலாவது நாமே கையால் குறிகளை இட்டுவிடலாம். சொல்லடைவு 11 பக்கம்தான். உன் கை நடுங்காது. கோடுகள் உன் பொறுப்பு, புள்ளிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். மெல்லிய முனைப் பேனா இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிடு. அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
முத்து